சைனபு மிதந்த கோடை

நீச்சல் குளத்துக்கு வந்த முதல் நாள் சைனபு அக்கா தண்ணீரில் இறங்கவே இல்லை. கரையில் உட்கார்ந்து இரண்டு பாதங்களை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டு, "யா அல்லா, என்னா குளுமை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்துப் படியில் நின்று தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்த நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பூனாவை ஒட்டிய நிக்டிக்குக் குடிவந்து எத்தனையோ வருஷமாகிறது. அந்தக் குளத்தில் தமிழ் காதில் விழுந்தது அன்றுதான்.

"தமிழா நீங்க?" என்றேன்.

ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர் போல அவர் கால்களை வெளியே இழுத்துக்கொண்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பானது.

"ஆமாம்மா. மேலப்பாளையம். திருநெல்வேலிக்குப் பக்கத்துல. நீங்க?"

"எங்க குடும்பம் மாயவரம். ஆனா நான் பொறந்து வளந்ததெல்லாம் பூனாதான். பேரு வைஜயந்தி."

"தண்ணி ஆழமா இருக்குமா?"

"இந்தப் பக்கம் இடுப்பளவுதான். அந்தக் கயிறு கட்டியிருக்கே, அதைத் தாண்டினாத்தான் ஆழம்."

அவர் அந்தக் கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் முன்பு பார்ப்பது போன்ற ஒரு பார்வை. பிறகு மறுபடி மெதுவாகப் பாதங்களைத் தண்ணீரில் வைத்தார்.

அந்தக் குளம் மாநகராட்சித் தோட்டம் ஒன்றின் நடுவில் இருக்கிறது. மேலே கூரை கிடையாது. சுற்றிலும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்கு வெளியே புல்வெளி, நடைபாதை, ஊஞ்சல்கள், பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் வகுப்பு பெண்களுக்கு மட்டும். வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தைப் பெண்களுக்குக் கொடுத்திருப்பதற்கு, ஆண்கள் யாரும் அந்த நேரத்தைக் கேட்கவில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். எங்களுக்கு அதில் வருத்தமில்லை. நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய் நீந்திவிட்டு, ஈரத் தலையோடு வந்து மறுபடி உட்கார்ந்துகொள்வேன்.

சைனபு அக்காவைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கரையில் உட்கார்ந்து கேட்டதுதான். கல்யாணமாகிப் பூனாவில் போபோடிக்கு வந்தபோது அவருக்கு இருபது வயது. கணவர் ஜாபர் சாதிக் கட்கி பஜாரில் துண்டும் லுங்கியும் போர்வையும் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். வீடு ஒரு சந்துக்குள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். மேலே இந்த வீட்டு மாடியும் எதிர்வீட்டு மாடியும் முட்டிக்கொள்ளாத குறை.

"வெயிலுக்கும் எங்களுக்கும் கொஞ்சப் பழக்கந்தாம்மா" என்பார். "மத்தியானம் ஒரு நாடா அகலத்துக்கு உள்ள வரும். நான் வடகத் தட்ட அதுக்கு நேரா நகத்தி வைப்பேன். துணியத் திருப்பிப் போடுவேன். அதுக்குள்ள போயிரும்."

மூத்தவன் இஜாஸ் ரஞ்சன்காவ் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறான். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவான். இளையவள் மிஸ்பா நிக்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். இவர்களுக்குச் சமைத்து, டப்பா கட்டி அனுப்புவதிலேயே அக்காவின் காலைகள் போயின. தண்ணீர் தெருக்குழாயில்தான் வரும். அதைப் பிடித்து மாடிக்கு ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றி ஏற்றித்தான் முட்டி தேய்ந்தது என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரையோடு ஒரு யோசனையும் சொல்லி அனுப்பினார்: தண்ணீருக்குள் நடங்கள், முடிந்தால் நீந்துங்கள்.

"தண்ணியாலதான் முட்டி போச்சு. அதுக்கு வைத்தியமும் தண்ணிதான்னா எப்படி டாக்டர்னு கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கல."

போபோடிக்குப் பக்கத்தில் இருந்த குளத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் மிஸ்பா தான் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே இந்தக் குளத்தைக் கண்டுபிடித்தாள். தலையிலிருந்து கணுக்கால் வரை மூடுகிற நீச்சல் உடை ஒன்றையும் இணையத்தில் தேடி வாங்கினாள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் உம்மாவைத் தன்னோடு பஸ்ஸில் கூட்டி வந்து, தோட்டத்து வாசலில் விட்டுவிட்டுப் போவாள்.

"உம்மா, டென்ஷன் எடுக்காதீங்க. ஆராம்ஸே பண்ணுங்க. நான் பீச்மே வந்து பாக்கேன்" என்று அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நிதானமாகச் செய்யுங்கள், நடுவில் வந்து பார்க்கிறேன் என்கிறாள்; அவள் தமிழில் பாதி இந்தி. அக்காவுக்கு அது போதும்.

இரண்டாவது நாள் அவர் முதல் படியில் இறங்கினார். அதற்கு மறுநாள் இன்னொரு படி. எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியாளர் லலிதா தாயி அவசரப்படுத்துகிற ஆள் இல்லை. தாயி என்றால் மராத்தியில் அக்கா. சைனபு அக்காவுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது.

"எங்க ஊர்ல தாயின்னா பெத்தவ" என்றார். "இவளுக்கு எம் மவள விட ஒரு பத்து வயசு கூடுதலா இருக்கும். ஆனா தண்ணிக்குள்ள இவதான் எனக்குத் தாயி."

தண்ணீரில் நடப்பதை அவர் சீக்கிரமே பழகிக்கொண்டார். கம்பியைப் பிடித்தபடி இந்த முனையிலிருந்து கயிறு வரைக்கும் நடப்பார், திரும்புவார். முட்டியில் வலி குறைந்தது. டாக்டர் சொன்னது அதற்காகத்தான் என்பதால், அதோடு அவர் நின்றிருக்கலாம். ஆனால் நடக்கும்போதெல்லாம் அவர் கண் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீந்துகிறவர்கள் மேலேயே இருந்தது. ஒருநாள் அவராகவே லலிதா தாயியிடம் போய், மல்லாந்து படுத்து மிதப்பதைக் காட்டி, "மேரேகோ பீ", எனக்கும், என்றார்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. லலிதா தாயி அவருடைய முதுகுக்கு அடியில் கையை வைத்துத் தாங்குவார். அக்கா படுப்பார். ஆனால் ஒரு கை கம்பியை இறுகப் பிடித்திருக்கும். "ஸோடா, ஸோடா" என்பார் தாயி. விட்டுவிடு என்று அர்த்தம். முப்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கிற அக்காவுக்கு அது காதில் ஏறாமல் இல்லை, கையில்தான் ஏறவில்லை. தாயி கத்தக் கத்தப் பிடி இன்னும் இறுகும்.

"விடுங்க அக்கா, நான் இந்தப் பக்கம் நிக்கறேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நான் எங்கம்மா புடிச்சிருக்கேன்? அதுல்லா என்னப் புடிச்சிருக்கு!"

ஏப்ரல் முதல் வாரம் என்று நினைக்கிறேன். பூனா வெயில் அப்போது வெள்ளையாகிவிடும். குளத்தின் நீல ஓடுகள் கண்ணைக் கூசவைக்கும். அன்று லலிதா தாயி அவரைக் கம்பியிலிருந்து தள்ளி நடுவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரு பக்கம் தாயி, மறுபக்கம் நான். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு மல்லாந்தார். காதுகள் தண்ணீருக்குள் போயின. முகம் மட்டும் மேலே. தாயி எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் என் கையை எடுத்தேன். பிறகு தாயியும் ஒரு விரல், இன்னொரு விரல் என்று எடுத்து, முழுக் கையையும் எடுத்துவிட்டார்.

அக்கா மிதந்தார்.

முதலில் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் கண்ணைத் திறந்தார். அப்போது அவர் முகத்தில் வந்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. பயம் போய்விட்டது. சிரிப்பும் இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மேலே ஒரு மேகம்கூட இல்லாத வானம். அதில் மிக உயரத்தில் ஒரு பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உடுப்பின் பாவாடை இரண்டு பக்கமும் விரிந்து அசைந்தது. குளத்தில் இருந்த மற்ற பெண்கள்கூட, என்ன தோன்றியதோ, நீந்துவதை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று சொல்ல முடியாது. அப்புறம் கால் கீழே போய், ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, இருமிக்கொண்டு எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சத்தமே இல்லம்மா" என்றார். "ஊரே இல்ல. பஸ்சு இல்ல, குக்கர் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் மூச்சு மட்டும் கேக்குது. அந்தப் பருந்து... அதுவும் என்ன மாதிரிதான் கெடக்கு, பாத்தீயளா?"

"பாத்தேன் அக்கா."

"நீங்க கையெடுத்துட்டீயளா? ரெண்டு பேருமா?"

"எப்பவோ எடுத்தாச்சு."

அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தார். குடம் பிடித்துக் காய்த்துப் போன கைகள்.

"இத்தன வருசமா நான்தான் தண்ணியத் தூக்கிட்டுக் கெடந்தேன்" என்றார் மெல்ல. "அது என்னத் தூக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே."

அன்றைக்கு அவர் சீக்கிரம் கரையேறவில்லை. தாயி விசில் ஊதி, எல்லோரும் வெளியேறி, உடை மாற்றும் அறையில் கூட்டம் குறைந்த பிறகும் படியில் உட்கார்ந்து தண்ணீரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டில் அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் சொல்லவும் இல்லை. தண்ணீர் வைத்தியத்துக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தார். ஜாபர் பாய் ஏதோ ஆஸ்பத்திரித் தொட்டி என்று நினைத்துக்கொண்டார். கடையிலிருந்து நல்ல கெட்டித் துண்டாக ஒன்று எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். உண்மையைக் காட்டிக்கொடுத்தது அக்காவின் முகம். வெயிலில் மூக்கும் கன்னமும் நன்றாகக் கறுத்துவிட்டன. ஒருநாள் அக்கா சோறு போடும்போது ஜாபர் பாய் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"நீ எங்க போய் வெயில்ல நிக்க?"

"நிக்கல. படுத்துக் கெடக்கேன்" என்றாராம் அக்கா.

பிறகு முழுவதையும் சொன்னார். ஜாபர் பாய் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து மூன்று கேள்வி கேட்டார். ஆம்பளைகள் இருப்பார்களா? இல்லை. உடம்பு மூடியிருக்குமா? இருக்கும். முங்கிவிட மாட்டாயே? மூன்றாவது கேள்விக்கு அக்கா பதில் சொல்லாமல் சிரித்தாராம். அதனால் அவர் நேரில் வந்து பார்ப்பதென்று முடிவு செய்தார்.

கடைக்கு வார விடுமுறை நாளில் வந்தார். பெண்கள் நேரத்தில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்று வாசல் காவல்காரி சொல்லிவிட்டாள். "சரிம்மா, நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லி, வெள்ளைச் சட்டையும் மடித்த செய்தித்தாளுமாகச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாங்கள் நீந்தி முடித்து வெளியே வந்தபோது பெஞ்சில் ஆளைக் காணோம். அக்கா பதறிவிட்டார். அப்புறம் நான்தான் கண்டுபிடித்தேன். புல்வெளியில் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில், செய்தித்தாளை விரித்து, செருப்பைத் தலைக்கு வைத்து, மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மரத்தின் இளஞ்சிவப்புப் பூக்கள் அவர் சட்டை மேலும் தாடி மேலும் உதிர்ந்து கிடந்தன. கொஞ்சம் தள்ளி இரண்டு அணில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அவர் அசையவில்லை.

அக்கா நெருங்கிப் போய் நின்றார். எழுப்பவில்லை.

"இவுஹ பகல்ல தூங்கி நான் பாத்ததே இல்லம்மா" என்றார் கிசுகிசுப்பாக. "காய்ச்சல்ல கூட கடையில போய் உக்காந்திருவாஹ. இப்பப் பாருங்க, புள்ள மாதிரி."

நாங்கள் இரண்டு பேரும் சற்றுத் தள்ளிப் புல்லில் உட்கார்ந்தோம். எனக்கு அலுவலகத்திலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. நடைபாதையில் ஒரு பெரியவர் குடையோடு சுற்றிச் சுற்றி நடந்தார். நிழலில் நாலு பேர் சீட்டாடினார்கள். வேலையில்லாத ஒரு மத்தியானம் அந்தத் தோட்டம் முழுக்கப் பரவிக் கிடந்தது.

ஜாபர் பாய் கண் விழித்தபோது முதலில் மேலேதான் பார்த்தார். கிளைகள், கிளைகளுக்கு மேல் கிளைகள், அதற்கு மேலே நீலம். அப்புறம் எங்களைப் பார்த்துவிட்டு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"கண்ணசந்துட்டேன் போல. காத்து அப்படி அடிச்சிது" என்றார், வெட்கத்தோடு. பிறகு என்னைப் பார்த்து, "ஏன் தங்கச்சி, இவ்வளவு எடமும் சும்மாவா கெடக்கு? யாருக்கு இது?" என்றார்.

"எல்லாருக்குந்தான் பாய்."

"எல்லாருக்கும்னா... நம்மள மாதிரி வந்து படுத்துக்கெடந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டாங்களா யாராவது?"

அவர் யோசித்தார். தாடியிலிருந்து ஒரு பூவை எடுத்து உருட்டிப் பார்த்தார். "ஒருத்தரும் கேக்கல" என்றார். அதை அவரால் நம்ப முடியவில்லை என்பது குரலில் தெரிந்தது. கட்கி பஜாரில் ஒரு அடி இடத்துக்கு எத்தனையோ சண்டை பார்த்த மனிதர் அவர். தலையை உயர்த்தி மரத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தார். பிறகு தோட்டம் முழுவதையும் மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். முங்கிவிடுவாளோ என்று பார்க்கத்தான் வந்தார். அதைக் கேட்கவே மறந்துபோனார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறை நாளும் அவரும் வந்தார். அக்கா சுவருக்கு உள்ளே, அவர் சுவருக்கு வெளியே.

மே மாதம் பிறந்தது. அக்கா இப்போது கவிழ்ந்தும் நீந்தினார். கை வீச்சு அவ்வளவு அழகில்லை. மாவாட்டுகிற மாதிரி என்று அவரே சொல்வார். ஆனால் மூச்சு இளைக்கவில்லை. லலிதா தாயி ஒருநாள் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, "சலா" என்றார். வாங்க, போகலாம். அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். என்னுடைய நீச்சல் கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன். அதுவரை அவர் கண்ணாடி போட்டதில்லை. தண்ணீருக்குள் கண்ணை மூடிக்கொண்டுதான் நீந்துவார்.

கயிற்றைத் தாண்டி நாலைந்து கை வீசியிருப்பார். திடீரென்று தலையை வெளியே தூக்கி அலறினார்.

"கீழ ஆளு! கீழ யாரோ கெடக்காஹ! தாயீ!"

லலிதா தாயி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, தலைகீழாகப் பாய்ந்து அடிவரைக்கும் போனார். மற்ற பெண்கள் கரையை நோக்கித் தெறித்து ஓடினார்கள். நான் அக்காவைப் பிடித்து ஓரத்து ஏணிக்கு இழுத்தேன். "கறுப்பா, கையக் கால விரிச்சிட்டு, அசையுது... நம்மள்ல யாராச்சும் கொறையுதாங்களா பாருங்கம்மா" என்றார்.

தாயி மேலே வந்தார். மறுபடி போனார். குளத்தின் அடி முழுக்கத் துழாவிவிட்டு வந்து, ஏணியைப் பிடித்து மூச்சு வாங்கியபடி, அங்கே ஒன்றுமே இல்லை என்றார். நாங்கள் ஒருவரையொருவர் எண்ணினோம். எல்லோரும் இருந்தோம்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அண்ணாந்து பார்த்தேன், பார்க்க முடியவில்லை. சூரியன் நேர் உச்சந்தலைக்கு மேலே நின்றது. பூனாவில் மே மாத நடுவில் சில நாள் அப்படித்தான். கொடிக்கம்பத்துக்குக்கூட நிழல் இருக்காது, காலடியிலேயே ஒளிந்துகொள்ளும்.

"அக்கா" என்றேன். "அது நீங்கதான்."

"என்னம்மா சொல்லுதீய?"

"உங்க நிழல். சூரியன் நேர் மேல இருக்கு. உங்க நிழல் நேர் கீழ விழுது. அவ்வளவு ஆழத்துல."

அவர் நம்பவில்லை. கொஞ்சம் பயம் தீர்ந்ததும், என் கையை ஒரு கையாலும் தாயியின் கையை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பார்த்தார். எடுத்தார். மறுபடி அமிழ்த்தினார். இந்தத் தடவை என் கையை விட்டுவிட்டு அந்தக் கையை அசைத்தார். பிறகு தாயியின் கையையும் விட்டார். இரண்டு கைகளையும் விரித்து, கவிழ்ந்து, அசையாமல் அந்த ஆழத்தின் மேலே மிதந்தார்.

மூச்சுக்குத் தலையைத் தூக்கியபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

"அவ்வளவு ஒசரத்துலயா நான் இருக்கேன்?"

முகத்தை இன்னொரு தடவை தண்ணீருக்குள் விட்டு எடுத்தார்.

"மாடியிலேருந்து தெருவப் பாக்குத மாதிரி இருக்கும்மா. என் நெழலு கீழ தரையில போவுது. நான் மேல. நடுவுல ஒண்ணுமே இல்ல. பருந்துக்கு இப்படித்தான் இருக்கும் போல. சுத்தி ஒரு வெளிச்சம் வேற, கோடு போட்ட மாதிரி, தங்கக் கரை கட்டுன மாதிரி..." சொல்லி முடிக்காமல் மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டார்.

பயந்து கரையேறிய பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒருத்தி கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "அரே தேவா" என்று கத்தினாள். அப்புறம் கண்ணாடி இல்லாதவர்கள் இருப்பவர்களிடம் கடன் வாங்கினார்கள். சற்று நேரத்தில் ஆழத்தின் மேல் நாங்கள் எல்லோரும் கையைக் காலை விரித்துக் கவிழ்ந்து கிடந்தோம். அடியில் நீல ஓடுகளின் மேல் எங்கள் நிழல்கள், ஓரங்களில் ஒளி நடுங்க, கூட்டமாக நகர்ந்தன. எது யாருடையது என்று தெரிய ஒவ்வொருத்தியும் ஒரு கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கீழே, வெகு கீழே, ஒரு பெண் எனக்குக் கையாட்டினாள். வருஷக்கணக்காக அந்தக் குளத்தில் நீந்துகிறேன். சுற்று எண்ணுவதைத் தவிர அதன் அடியை எதற்காகவும் நான் பார்த்ததில்லை.

லலிதா தாயி விசில் ஊதவே இல்லை. அவரும் கவிழ்ந்து கிடந்தார்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் என்று ஆனபோது, குளங்களை மழை வரும் வரை மூடிவிட்டார்கள். வாசலில் பூட்டு. அக்கா கம்பி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "மனுசங்க குடிக்கணுமில்லா. அதுதான் மொத" என்றார். வருத்தம் இருந்தது; குறை சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க அவர் தெருக்குழாயில் வாளி நிறைகிறதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கையை உள்ளே விட்டு அசைத்துப் பார்ப்பாராம். பக்கத்து வீட்டுக்காரிகள் சிரிப்பார்களாம்.

ஆனாலும் தோட்டத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. ஜாபர் பாயின் விடுமுறை நாட்களில் இருவருமாக, டப்பாவில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் உட்காருவார்கள். ஒரு தடவை நான் போனபோது, கணவர் பக்கத்தில் அக்காவும் புல்லில் மல்லாந்து படுத்திருந்தார். நடைபாதையில் போன ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். அக்கா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. கொன்றை மரம் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. "பேசாம படுங்க வைஜயந்தி, இங்கயும் கொஞ்சம் மெதக்கலாம்" என்றார். அன்றுதான் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நானும் படுத்தேன்.

ஜூனில் மழை பிடித்தது. ஜூலையில் அணை நிறைந்தது. குளத்தைத் திறந்த அன்றைக்கு எனக்கு ஒரு மீட்டிங் இழுத்துக்கொண்டே போய், நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. வானம் சாம்பல் நிறத்தில் தூறிக்கொண்டிருந்தது. ஜாபர் பாய் சுவரோரத்துப் பெஞ்சில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன் பாய், மழையில உக்காந்திருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. நீங்க போங்க. அவ காலையிலேருந்தே ஒரு மாதிரி பரபரப்பா இருந்தா."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பாறை ஒன்று விழுந்தது போல ஒரு சத்தம். தொடர்ந்து பெண்களின் கூச்சல், கைதட்டல். இரண்டு பச்சைக்கிளிகள் மரத்திலிருந்து பதறிப் பறந்தன. ஜாபர் பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"யாரும்மா அது? யாரு குதிச்சா?"

"இருங்க, பாத்துட்டு வந்து சொல்றேன்."

உள்ளே ஓடினேன். ஆழமான பக்கத்தில் தண்ணீர் இன்னும் கொந்தளித்துக்கொண்டிருந்தது. அதன் நடுவிலிருந்து சைனபு அக்காவின் தலை வெளியே வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, தான் குதித்த இடத்தை நிமிர்ந்து பார்த்தார். குதிக்கிற மேடையின் விளிம்பு அது. ஆளைவிட உயரம். லலிதா தாயி இடுப்பில் கையை வைத்து நின்றார். கோபப்பட முயன்று முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாரு சொல்லிக் குதிச்சீங்க அக்கா?"

"யாரும் சொல்லலம்மா" என்றார் அக்கா, ஏணியில் ஏறிக்கொண்டே. மழைத்துளிகள் குளம் முழுக்கத் துள்ளின. "மேல நின்னு பாத்தேன். காலு தானாப் போயிட்டு."

நான் வாசலுக்குத் திரும்பி வந்து கதவிடுக்கு வழியாகக் குரல் கொடுத்தேன். "உங்க வீட்டுக்காரிதான் பாய்!"

வெளியே குடையை மடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல் வந்தது.

"இன்னொரு தடவ குதிக்கச் சொல்லுங்க தங்கச்சி. இப்ப நான் கவனிச்சிக் கேக்கேன்."